விசில் அடிக்காத பாத்திரம்

"விசில் எங்கே?" என்றுதான் நான் முதலில் கேட்டேன்.

தி.நகரில், பாத்திரக் கடைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும் ஒரு சந்தில், தூசு படிந்த அட்டைப்பெட்டியிலிருந்து கடைக்காரர் அதை எடுத்து மேசைமேல் வைத்தார். அலுமினியம். இடுப்பு சிறுத்து, மேலேயும் கீழேயும் அகன்று, ஒரு பக்கம் மூக்கும் மறுபக்கம் கறுப்புக் கைப்பிடியுமாக இருந்தது. திருகினால் மூன்று துண்டாகக் கழன்றது. கீழ்த் துண்டில் தண்ணீர், நடுவில் காபிப் பொடி. அடுப்பில் வைத்தால் ஆவி முட்டித் தண்ணீரை மேலே தள்ளும், பொடி வழியாக ஏறி, மேல் துண்டில் காபியாக வந்து நிற்கும். "நம்ம ஃபில்டர்ல டிகாஷன் கீழ எறங்கும்மா, இதுல மேல ஏறும். அவ்ளோதான் வித்தியாசம்" என்றார் கடைக்காரர்.

ஆவி முட்டும் என்றதும் நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். அதனால்தான் விசிலைத் தேடினேன். இதற்கு விசிலெல்லாம் கிடையாது என்று சிரித்தார். விசில் இல்லாவிட்டால் அது உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? குக்கராவது கத்தித் தொலைக்கும். நான் விடாமல் நிற்பதைப் பார்த்து, கீழ்த் துண்டின் பக்கவாட்டில் இருந்த சின்னப் பித்தளைக் குமிழைக் காட்டினார். "பிரஷர் ஜாஸ்தி ஆச்சுன்னா இது வழியா ஆவி வெளிய போய்டும். பயப்படாம எடுத்துகினு போங்க."

எடுத்துக்கொண்டு வந்தோம். நான் நம்பியது கடைக்காரரையோ பாத்திரத்தையோ இல்லை, அந்தக் குமிழை.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறவள். கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் குக்கர் மூடி பறந்து, கழுத்தும் தோளும் வெந்துபோனதைக் கண்ணால் பார்த்தவள் நான். வாழையிலை விரித்து அவரைப் படுக்க வைத்ததும், அவர் சத்தம் போடாமல் முனகிக்கொண்டே இருந்ததும் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து சூடு, ஆவி, மூடி என்றாலே ஒதுங்கி நிற்பேன். மழைக்காலத்தில் அடையாற்றில் தண்ணீர் கொஞ்சம் ஏறுகிறது என்று யாராவது பேச்சுக்குச் சொன்னால் போதும், ஆற்றோரத்துக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு ரேஷன் கார்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்ற ஆரம்பித்துவிடுவேன். கீழ்வீட்டுக்காரர்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

என் வீட்டுக்காரர் குழாய் வேலை செய்கிறவர். தி.நகரிலும் மயிலாப்பூரிலும் பழைய அடுக்குமாடிகளில் எது ஒழுகினாலும் இவருக்குத்தான் போன் வரும். ஒழுகல் என்றால் அவருக்கு ஆகாது. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால்கூடக் கை கழுவுகிற இடத்தில் குழாய் சொட்டினால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மாப்பிள்ளை வீட்டார் பார்க்கிறார்கள் என்று நான் கிள்ளினாலும் எழுந்திருக்க மாட்டார். ஈரக் கையோடு மோட்டார் சுவிட்சைத் தட்டுவார். ஏன் இப்படி என் உயிரை வாங்குகிறாய் என்று கேட்டால், "ஒண்ணும் ஆவாது, கம்முனு இரு" என்பார். இத்தனை வருஷமாக அவருக்கு ஒன்றும் ஆகவும் இல்லை. அதுதான் என் வாயை அடைத்தது.

இந்தப் பாத்திரம் எங்களுக்கு எதற்கு? மகளுக்காக.

ஒரே மகள். கட்டிக்கொடுத்து கொட்டிவாக்கத்தில் இருக்கிறாள், ஒரு கம்பெனியில் வேலை. முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போய்விட்டது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை. இரண்டாவது உண்டானதிலிருந்து நான் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வயிற்றைப் பார்ப்பேன். வளைகாப்பு போட்டு வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு, அவள் குளியலறையில் கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுத்தால் கதவைத் தட்டுவேன். தும்மினால் எழுந்து உட்கார்வேன். அவளுக்கே அலுத்துப்போய், "யம்மா, நீ என்னப் பாத்துகினு இருக்கறதாலதான் எனக்குத் தூக்கம் வரல" என்றாள்.

அவளுக்கு மசக்கையில் மாங்காய் கேட்கவில்லை, சாம்பல் கேட்கவில்லை. நுரைக் காபி கேட்டது. ஆபீஸ் கட்டிடத்தில் கீழே ஒரு காபிக் கடை இருக்கிறதாம். கப்புச்சினோ, லாட்டே என்று பெயர் வைத்து, பால் நுரைமேல் இலை மாதிரி படம் போட்டுத் தருவார்களாம். அந்தக் கசப்பும் அந்தப் பாலும் சேர்ந்த ருசி நாக்கிலேயே நிற்கிறது என்றாள். நம் வீட்டு ஃபில்டர் காபி இல்லையா என்று கேட்டால், "அது வேற, இது வேற" என்பாள். டாக்டரிடம் கேட்டோம். தினம் ஒரு சின்னக் கப், அதற்கு மேல் கூடாது என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடையாறில் இருக்கிற ஒரு கடைக்கு மூன்று பேரும் போனோம். ஏசி குளிரில், இரண்டு கை அகலக் கப்பில், பாதிக்கு நுரையாக வந்தது. என் வீட்டுக்காரர் பில்லைப் பார்த்துவிட்டு வெயிட்டரைக் கூப்பிட்டு, "இன்னாபா, பக்கத்து டேபிளுதும் சேத்துப் போட்டுட்டியா?" என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று. மகள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு ஆட்டோவில் வரும்போதே அவள் போனில் தேட ஆரம்பித்துவிட்டாள். அந்தக் கடையில் ஆளுயர மெஷின் செய்கிற வேலையை ஏறக்குறைய அதே மாதிரி செய்துவிடுகிற ஒரு சின்ன அடுப்புப் பாத்திரம் இருக்கிறது, ஒரு தடவை வாங்கினால் காலத்துக்கும் ஓடும் என்று படத்தைக் காட்டினாள். அப்படித்தான் அந்த விசில் அடிக்காத பாத்திரம் எங்கள் வீட்டுக்கு வந்தது.

வந்த பிறகு, பொய் சொல்லக் கூடாது, காலை நேரம் அழகாகத்தான் இருந்தது. மந்தைவெளியில் காபிக்கொட்டை அரைக்கிற கடையில் சிக்கரி கலக்காமல், கொஞ்சம் கொரகொரப்பாகப் பொடி வாங்கி வந்தோம். சிக்கரி வேண்டாம் என்றதும் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். குமிழுக்குக் கீழே நிற்கிற அளவுக்குத் தண்ணீர். பொடியை அழுத்தக் கூடாது, விரலால் சும்மா சமன் செய்தால் போதும். அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு நின்றால், கொஞ்ச நேரத்தில் 'களக் களக்' என்று சத்தம் வரும். கறுப்பாக, ஓரத்தில் தேன் நிறத்தில் நுரை கட்டிக்கொண்டு மேலே ஏறும். அந்தச் சத்தம் வரும்வரை எனக்கு மூச்சு வராது.

நுரைக்கும் மெஷின் வேண்டியிருக்கவில்லை. பாலைக் கொதிக்க விடாமல், விரல் வைத்தால் சுருக்கென்று சுடுகிற பதத்தில் இறக்கி, மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் பாதி ஊற்றிக் குலுக்கினால் சோப்பு நுரைபோலப் பொங்கிவிடும். முதல் நாள் ஊறுகாய் ஜாடியைக் கழுவி எடுத்தேன். எலுமிச்சங்காய் வாசனையோடு கப்புச்சினோ குடித்த முதல் ஆள் என் மகளாகத்தான் இருப்பாள். அப்புறம் வேறு ஜாடி. குலுக்குகிற வேலை அப்பாவுடையது. லுங்கியோடு நின்று அவர் குலுக்குகிற குலுக்கில் கண்ணாடி வளையல் போட்டிருந்தால் உடைந்திருக்கும்.

பால்கனியில் உட்கார்ந்து அவள் குடிப்பாள். மேலுதட்டில் நுரை ஒட்டியிருக்கும். பாதிக் கப் உள்ளே போவதற்குள் "தோ, ஒதைக்கிது, கைய வை" என்பாள். நான் கையை வைப்பேன். அந்த ஒரு உதையை வைத்துக்கொண்டு நான் அன்றைய பொழுதை ஓட்டிவிடுவேன். எனக்கும் ஒரு வாய் கிடைக்கும். நல்லாத்தான் இருந்தது, கழுதை.

அந்தக் குமிழ் ஒருநாள் சீறியது.

காபி ஏறிக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டில் 'புஸ்'ஸென்று ஆவி வந்து, இரண்டு மூன்று சொட்டு அடுப்பில் தெறித்தது. நான் மகளை இழுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டேன். வீட்டுக்காரர் உள்ளே போய் அடுப்பை அணைத்து, பாத்திரம் ஆறியதும் குமிழை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அவர் முகத்தில் தொழில் வந்து உட்கார்ந்துவிட்டது.

"லீக்கு" என்றார். "உள்ள வாசர் போய்க்கீது. மட்ட சாமான்."

அவருடைய பையில் எப்போதும் இருக்கிற இரண்டு உருண்டைப் பசையை எடுத்தார். கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பிசைந்து ஒழுகுகிற இடத்தில் அப்பினால் கல்லாகிவிடும். ஊரில் பாதி வீட்டுக் குழாய்கள் அதில்தான் நிற்கின்றன. குமிழுக்கு உள்பக்கம் ஒரு அப்பு, வெளிப்பக்கம் ஒரு அப்பு அப்பி, பெருவிரலைத் தண்ணீரில் தொட்டு வழவழப்பாகத் தடவிவிட்டார். தன் வேலையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யோவ், ஆவி போறதுக்குத்தான் அது கீதுன்னு கடக்காரன் சொன்னான்யா" என்றேன்.

"ஒழுகறத அடைக்கறதுதான் என் தொழிலு. நீ எனக்குச் சொல்லிக் குடுக்கறியா? பிளவுஸ் தச்சமா, போனமான்னு இரு."

மகள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் அப்பாவின் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்குக் கோபம் வரும், கத்துவேன், ஆனால் தொழில் தெரிந்தவரிடம் ஒரு எல்லைக்கு மேல் எப்படிப் பேசுவது? என் பயத்துக்கு எப்போதும் ஆதாரம் இருந்ததில்லை. அவர் தைரியத்துக்கோ ஊர் முழுக்க ஆதாரம் இருந்தது.

அடுத்த சில நாட்கள் காபி முன்னைவிட நன்றாகவே வந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவர் ஒவ்வொரு காலையும் என்னை ஒரு பார்வை பார்ப்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆனால் எனக்குள்ளே என்னமோ அறுந்துபோயிருந்தது. அதுவரைக்கும் அந்தப் பித்தளைக் குமிழைப் பார்த்துத்தான் தைரியமாக இருந்தேன். இப்போது அந்த இடத்தில் கறுப்பாக ஒரு கட்டி. பாத்திரம் அடுப்பில் ஏறியதும் தையல் மெஷினில் போய் உட்கார்ந்துகொள்வேன். அங்கிருந்து சமையலறை வாசல் தெரியும். மகள் முதுகு தெரியும். காபி ஏறுகிற சத்தம் கேட்கிறவரைக்கும் என் கால் மிதிக்காது.

அன்றைக்குப் பொடி தீர்ந்துபோயிருந்தது. வெளியே மழை. நான் போய் வாங்கி வருகிறேன் என்றால், "இன்னாத்துக்கு நனைஞ்சிகினு? ஃபில்டர் பொடி கீதுல்ல, ஒரு நாளைக்கு அத்தப் போட்டுக்கறேன்" என்றாள் மகள். எங்கள் ஃபில்டர் பொடி மாவாக அரைத்தது. சிக்கரி கலந்தது. சிக்கரி தண்ணீர் பட்டால் ஊதிக் களிபோல ஆகும், இதெல்லாம் எனக்குத் தெரியும்தான். அது இந்தப் பாத்திரத்துக்குள் என்ன செய்யும் என்பதுதான் தெரியாது. அவள் பொடியை நிரப்பி, ஃபில்டரில் இருக்கிற அந்தக் குடைக்கம்பியை எடுத்து, எங்கள் வீட்டில் எப்போதும் செய்கிற மாதிரி நன்றாக அழுத்தினாள். அழுத்தினால்தானே டிகாக்‌ஷன் திக்காக இறங்கும். பிறந்ததிலிருந்து அவள் பார்த்து வளர்ந்தது அதுதான். கை தானாகச் செய்தது. திருகி மூடி அடுப்பில் வைத்தாள்.

வீட்டுக்காரர் ஹாலில் தரையில் உட்கார்ந்து, வேலைப் பையில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் மெஷினில் ஒரு பட்டு பிளவுஸின் கைக்கு லைனிங் வைத்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் வரவில்லை.

மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லையோ என்று மெஷினை நிறுத்தினேன். ஒன்றுமில்லை. கேஸ் எரிகிற சத்தம் மட்டும்தான். "வந்துச்சா?" என்று கேட்டேன். "இன்னும் வரல" என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டேன். "வரும், இரும்மா." அடுப்பைத் திருகிப் பெரிதாக்குகிற சத்தம் கேட்டது.

வாசல் வழியாகப் பார்த்தேன். மகள் மேல்மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் முகம் அந்தப் பாத்திரத்துக்கு நேர் மேலே இருந்தது, வயிறு மேடையில் இடித்துக்கொண்டிருந்தது. அந்த வயிறும் அந்த அடுப்பும் அவ்வளவு பக்கத்தில் இருந்தன.

"அடுப்ப அணைச்சிட்டு இங்க வா."

"ஒரு நிமிசம்மா."

"வாடின்றேன்ல."

"ஏய், அது பாட்டுக்கு அது போட்டுகினு கீது. நீ எதுக்குக் கூவுற? ஒண்ணும் ஆவாது" என்றார் வீட்டுக்காரர், தலையைத் தூக்காமல்.

மகளும் நகரவில்லை. ஏன் நகர்வாள்? நான் தும்மலுக்கும் பயப்படுகிறவள். அவள் பிறந்ததிலிருந்து நான் "வா, வா, எட்டி வா" என்று கத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். அந்தக் கத்தலுக்கு எங்கள் வீட்டில் மதிப்பே கிடையாது என்பது அந்த நொடியில்தான் எனக்கு நன்றாகப் புரிந்தது. எழுந்து ஓடி இழுக்கலாம் என்றால் கால் வரவில்லை. வாய் மட்டும்தான் மிச்சம்.

"ஐயோ, ஊசி ஏறிடுச்சி. வெரல்ல ஊசி ஏறிடுச்சி" என்று அலறினேன்.

அதற்கு ஓடி வந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஹாலுக்கு வந்து, என் கையைப் பிடித்துத் திருப்பினாள். "எங்கம்மா? ரத்தமே காணோம்?" என்று விரல் விரலாகப் பார்த்தாள். நான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டேன்.

அப்போது வெடித்தது.

அதை எப்படிச் சொல்வது? தீபாவளி அணுகுண்டை வீட்டுக்குள் போட்ட மாதிரி ஒரு சத்தம். அதோடு ஏதோ உலோகம் கூரையில் மோதி, பாத்திர அலமாரியில் விழுந்து, எல்லாத் தட்டுகளும் ஒன்றாகச் சரிந்தன. ட்யூப் லைட் உடைந்தது. சமையலறை வாசலில் வெள்ளையாக ஆவி வந்து நின்றது. வீட்டுக்காரர் எப்போது எழுந்தார், எப்போது உள்ளே பாய்ந்தார் என்று நான் பார்க்கவில்லை. சிலிண்டரை மூடிவிட்டேன் என்று உள்ளேயிருந்து அவர் குரல் மட்டும் வந்தது. அது அவர் குரல் மாதிரியே இல்லை.

மகளுக்கு ஒரு கீறல் இல்லை. அவளை உட்கார வைத்து, முகத்தைத் துடைத்து, கையையும் காலையும் தடவிப் பார்த்தேன். அவள் இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"யம்மா. புள்ள அசையல."

தண்ணீர் கொடுத்தோம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். நான் கையை வைத்துப் பார்த்தேன். வயிறு கல்லாக இருந்தது. என் கை நடுக்கத்தில் எது என் நடுக்கம், எது பிள்ளை என்று தெரியவில்லை. முதல் பிள்ளைக்கு, ஐந்தாம் மாதத்தில் அன்றைக்கும் அவள் இதே மாதிரி, இதே குரலில்தான் சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனால், அடையாறு பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. மழை. டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "கவலப்படாதக்கா, பூந்து போய்டலாம்" என்று சொல்லி ஹாரனை அழுத்திக்கொண்டே போனார். மகள் கண்ணை மூடியிருந்தாள். அடிக்கடி, "வந்துச்சா?" என்று நான் கேட்டேன். "இல்ல" என்று தலையை மட்டும் ஆட்டினாள். வீட்டுக்காரர் டிரைவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். சட்டையில் காபிப் பொடி ஒட்டியிருந்தது. ஒரு தடவைகூட எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வேண்டாத தெய்வமில்லை. எங்கள் தெரு முனை அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறேன் என்றேன், சாந்தோம் மாதாவுக்கு மெழுகுவத்தி என்றேன். யார் கேட்டாலும் சரி என்றுதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் உடனே படுக்க வைத்தார்கள். ஆம்பளைகள் திரைக்கு வெளியே நிற்க வேண்டும் என்று நர்ஸம்மா அவரை நிறுத்திவிட்டார். மகள் வயிற்றில் பட்டை கட்டி, ஒரு வில்லையை வைத்து இங்கே நகர்த்தினார், அங்கே நகர்த்தினார். கரகரவென்று இரைச்சல்தான் வந்தது. நான் மெஷினைப் பார்க்கவில்லை, அந்த நர்ஸம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்தினார். மகள் என் முந்தானையைப் பிடித்திருந்தாள்.

திடீரென்று வந்தது. டக்டக்டக்கென்று, இடைவெளியே இல்லாமல், அறை முழுக்க.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்டது. "இன்னா சத்தம் அது? எதுக்கு இவ்ளோ வேகமா ஓடுது? நிறுத்தச் சொல்லு, அத்த மொதல்ல நிறுத்தச் சொல்லு."

"ஐயா, அது மெஷின் இல்ல. கொழந்தையோட நெஞ்சு" என்றார் நர்ஸம்மா.

"இவ்ளோ வேகமா அடிச்சா தாங்குமாம்மா?"

"அப்படித்தான் அடிக்கும். நல்லா இருக்கு."

எனக்குப் போன உயிர் வந்தது. அழுகை வந்ததில் எனக்கு எதுவும் தெரியவில்லை. அவள் அழவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். டாக்டர் வந்து பார்த்தார். அதிர்ச்சியில் கொஞ்ச நேரம் அப்படி ஆகும், எதற்கும் ஒரு ராத்திரி இங்கேயே இருக்கட்டும் என்றார். அதற்குள் பிள்ளையும் ஒரு உதை விட்டது. பட்டை தூக்கியதை நானே பார்த்தேன்.

பிறகு வீட்டுக்காரரை உள்ளே விட்டார்கள். கட்டில் கால்மாட்டில் வந்து நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அத்த நான்தான்மா அடச்சேன்" என்றார்.

"தெரியும் நைனா. நான் பாத்துகினுதான இருந்தேன்."

"உங்கம்மா வேணான்னா."

"எனக்கும் போன்ல போட்டிருந்தாங்க, அத அடைக்கக் கூடாதுன்னு. நான் படிச்சிருந்தேன்." அவள் குரலில் கோபமே இல்லை. "ஆனா நீ பண்ணா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அவள் அப்பாவைச் சமாதானம் செய்யத்தான் அதைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்தேன். அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

சாயங்காலம் மருமகன் வந்து அவளோடு இருந்துகொண்டார். துணிமணி எடுத்து வர நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தோம். கதவைத் திறந்ததும் காபி வாசனை. நல்ல வாசனைதான், நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். சமையலறையில் சுவர், கூரை, அலமாரி எல்லாம் பொடி அப்பியிருந்தது. கூரையில் பாத்திரத்தின் மேல்துண்டு மோதிய இடத்தில் சிமென்ட் பெயர்ந்து கைப்பிடி அளவுக்குக் குழி. அடுப்புக்கு நேர் மேலே. மகள் தலை இருந்த இடத்துக்கு நேர் மேலே. கீழ்த்துண்டு பக்கவாட்டில் பிளந்து கிடந்தது. பிளந்த இடத்துக்குப் பக்கத்தில் அவருடைய பசை அப்படியே இருந்தது, ஒரு விரிசல்கூட இல்லாமல். நல்ல வேலைக்காரர்.

அவர் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஈரத்துணியால் கூரையைத் துடைக்க ஆரம்பித்தார். நான் வாசலில் நின்றேன். அவரைக் கேட்க என்னிடம் எவ்வளவோ இருந்தது. வழியெல்லாம் வாய்க்குள்ளே போட்டு மென்றுகொண்டு வந்திருந்தேன். நீ தொழில்காரன், நான் பிளவுஸ் தைக்கிறவள், இப்போது பார்த்தாயா என்று கேட்க நினைத்தேன்.

"திட்டு" என்றார், திரும்பாமல்.

நான் வாசற்படியிலேயே நின்றேன்.

"இன்னாத்துக்கு சும்மா நிக்கற? ஏதாச்சும் திட்டித் தொல."

ஈரத்துணியிலிருந்து காபித் தண்ணீர் முழங்கை வழியாக ஒழுகிச் சட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. அதைக்கூட அவர் துடைத்துக்கொள்ளவில்லை. ஸ்டூல் ஆடியது. எனக்கு வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

"ஸ்டூல் ஆடுதுய்யா. எறங்கு" என்றேன்.

இந்த மனுஷர் நான் சொல்லி எதிலிருந்தும் இறங்கியவர் இல்லை. நான் இறங்கு என்றால் வேண்டுமென்றே இன்னும் ரெண்டு ஆட்டு ஆட்டிச் சிரிக்கிறவர். அன்றைக்கு ஒரே சொல்லில் இறங்கிவிட்டார். இறங்கி, துணியைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் நின்று, "சரி. வேற இன்னா பண்ணணும், சொல்லு" என்று கேட்டார்.

காலையிலிருந்து நான் பட்ட பயமெல்லாம் அந்தக் கேள்விக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பயப்படாத ஆள் ஒருவர் வீட்டில் இருந்ததால்தான் நான் இத்தனை வருஷமாக இஷ்டத்துக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறேன். இனி பயப்படாமல் இருக்கிற அந்த வேலையை யார் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டேன். ஆடுகிற அந்த ஸ்டூலில் நானே ஏறினேன்.